ஓரங்கட்டிய சிரிப்பு

ஆவாரங்காட்டூரில் டீ முதன்முதலாக விளிம்பில் நின்றது புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் என்று சிலரும், இல்லை, அன்றைக்குச் சந்தை கூடியிருந்தது, ஆகவே செவ்வாய்தான் என்று வேறு சிலரும் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். நின்றதா இல்லையா என்பதில் மட்டும் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. மினிபஸ் ஓட்டும் குழந்தைவேலு, டிரைவர் சீட்டின் மேல் கண்ணாடி கிளாஸை வைத்துவிட்டுக் கீழே இறங்கும்போது முழங்கை தட்டி, டீ புது மெத்தையின் மேல் கவிழ்ந்து ஓடியது, ஓடி ஓரத்துக்கு வந்தது, ஓரத்தில் பென்சில் பருமனுக்கு ஒரு மஞ்சள் பைப்பிங் சுற்றி வந்துகொண்டிருந்தது, அதைத் தொட்டதும் டீ நின்றுவிட்டது. கீழே சொட்டவில்லை, துணிக்குள் இறங்கவும் இல்லை, பைப்பிங்குக்கு மேல் ஒரு விரல் உயரம் எழும்பி, சுவர் மாதிரி, ஆவி பறக்க அங்கேயே நின்றது. குழந்தைவேலு குனிந்து பார்த்தார், கிளாஸைச் சாய்த்துப் பிடித்துக் கையால் அதை வழித்து உள்ளே விட்டார், "துணி நல்ல துணி" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைக் குடித்தார்.

மெத்தையைத் தைத்தவள் அவர் மனைவி அம்சவேணி. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, பால் சொசைட்டிக்கும் சலூனுக்கும் நடுவே, ஒரு கதவு அகலத்துக்கு இருந்தது அவள் கடை. பைப்பிங் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. துணியைக் கிராஸாக, அதாவது மூலைவாட்டில், பட்டையாக வெட்டி, உள்ளே ஒரு கயிற்றை வைத்து மடித்து, கயிற்றை ஒட்டியே தையல் ஓட்டினால் துணிக்கு ஓரத்தில் ஒரு வரப்பு வந்துவிடும். அந்த ஒட்டி ஓட்டுவதில்தான் பாடெல்லாம். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற சாதாரண ஃபுட்டுக்கு அடிப்பாகம் தட்டை, அதில் கயிறு வழுக்கும், தையல் விலகும், பைப்பிங் பழைய பாவாடை நாடா போலத் தொளதொளவென்று தொங்கும். அம்சவேணி பல வருஷமாக ஜிப் வைக்கிற ஒத்தக்கால் ஃபுட்டை மாட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். கரூரில் மெஷின் சாமான் கடைக்கு ஊசி வாங்கப் போனவளுக்குத் தட்டு நிறையக் கிடந்த பழைய ஃபுட்டுகளுக்கு நடுவே ஒன்று கண்ணில் பட்டது. அடியில் வாய்க்கால் போல ஒரு பள்ளம், இடதுபக்கம் யாரோ நெடுநாள் ஓட்டித் தேய்ந்த பளபளப்பு. எந்த மெஷினில் கழற்றியது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை, அவளும் தூண்டித் துருவவில்லை. நல்ல சாமானிடம் யாரும் பூர்வீகம் விசாரிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தாள். மாலையில் கன்றுக்குட்டி தானாகக் கட்டுத்தறிக்குப் போவதுபோலக் கயிறு அந்தப் பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

துணியின் விளிம்பைப் பட்டி வைத்து அடைப்பதைத் தையல்காரர்கள் ஓரங்கட்டுவது என்பார்கள். மற்றவர்கள் அதே சொல்லை மனிதர்களுக்கு வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பேச விடாமல் உட்கார வைப்பதும் ஓரங்கட்டுவதுதான், பங்கு பிரிக்கும்போது கூப்பிடாமல் விடுவதும் ஓரங்கட்டுவதுதான். ஆவாரங்காட்டூரில் இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இத்தனை காலம் பிழைத்து வந்தன. அந்த ஃபுட் வந்த பிறகுதான் முட்டிக்கொண்டன.

முதலில் மினிபஸ். எல்லாச் சீட்டுக்கும் ஆளுக்கொரு மெத்தை, மெத்தைக்கொரு மஞ்சள் பைப்பிங் என்று குழந்தைவேலு சொல்ல, அம்சவேணி வைத்துக் கொடுத்தாள், அதன் பிறகு அந்த வண்டியில் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவுக்குள் போகவில்லை, ஒருவர் கூடை இன்னொருவர் மடியில் ஏறவில்லை, தூங்கி விழுகிறவர்களின் தலை பக்கத்துத் தோளை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து வந்து, மெத்தையின் ஓரத்துக்கு நேர்மேலே, அந்தரத்தில், யாரோ தாங்கிப் பிடித்ததுபோல நின்று, இறங்குகிற இடம் வரைக்கும் அங்கேயே தூங்கியது. அந்த பஸ்ஸில் மில்லுக்குப் போகிற பெண்கள் ஒருநாள் கூட்டமாகக் கடைக்கு வந்து, அம்சவேணி கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு முழம் பூவும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஊர் மொத்தமும் வந்தது. சலூன்காரர் மனைவி புருஷனின் தலையணையைக் கொண்டுவந்தாள். பைப்பிங் வைத்த பிறகு அவர் குறட்டை தலையணையைத் தாண்டவில்லை, வேண்டியவர்கள் தலையணையில் காதை வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். வாசல் திரைக்கு வைத்தவர்கள் வீட்டில் டிவி அழுகை தெருவுக்கு வரவில்லை. கருவாட்டுக்காரி கூடை மூடும் துணிக்கு வைத்துக்கொண்டாள், பூனைகள் குழம்பிப்போய் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. பால் சொசைட்டித் தலைவரின் நாற்காலி மெத்தைக்கு யாரோ அவருக்குத் தெரியாமல் பைப்பிங் வைத்துவிட, அவர் உட்கார்ந்தபடி பேசியதெல்லாம் நாற்காலிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, கூட்டம் சீக்கிரம் முடிந்தது, எல்லோரும் அவர் நன்றாகப் பேசியதாகக் கைதட்டினார்கள். இது எப்படி என்று யாருமே கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். ஹைஸ்கூல் டீச்சர் ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு மெத்தையில் ஊற்றி, அது நிற்பதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, கீழே படுத்தும் பார்த்து, கடைசியில் தன் வீட்டு மேஜைவிரிப்புக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற ஊரில் "ஓரங்கட்டியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மாரியம்மனுக்குப் புதுப் பாவாடை சாத்தியபோது மட்டும் சின்னதாக ஒரு சிக்கல். ஊரில் நல்லது கெட்டது எதற்கும் ஆத்தாளிடம் பூ கேட்பார்கள். வலதுபக்கம் விழுந்தால் சரி, இடதுபக்கம் விழுந்தால் வேண்டாம். சிவப்புப் பைப்பிங் வைத்த பாவாடை கட்டிய நாளிலிருந்து பூ எந்தப் பக்கமும் விழவில்லை. "ஆத்தா ரோசனை பண்றா" என்றார் பூசாரி, ஊரும் காத்திருந்தது. வைத்த பூக்கள் எல்லாம் பாவாடை ஓரத்தில் வந்து வந்து நின்று வாடிக்கொண்டிருந்ததை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் பூங்கொடிக்கு வரன் வந்தது. பூங்கொடி குழந்தைவேலுவின் தங்கை, அம்சவேணிக்கு நாத்தனார், கடையில் ஹெம்மிங்கும் கொக்கியும் அவள் வேலை. அவள் சிரிப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது வயிற்றில் கிளம்பி, தோளைக் குலுக்கி, தொண்டையில் ஒரு கணம் தயங்கி, பிறகு மதகு திறந்ததுபோல வெளியே வந்து, காம்பவுண்டைத் தாண்டி, பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கிறவர்களைக் காரணம் தெரியாமலே சிரிக்க வைத்து, மூன்றாம் தெரு வரைக்கும் போய் அடங்கும். எதிர்த்த டீக்கடைக்காரர் அந்தச் சிரிப்பைக் கேட்டால்தான் கடை களைகட்டியதாக நினைப்பார். ஆனால் அதே சிரிப்பால் அவளுக்கு வந்த வரன்கள் தட்டிப்போயின. ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பா நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார், இவள் சிரித்தாள், அது போனது. இன்னொரு மாப்பிள்ளை தன் சம்பளத்தைச் சொன்ன தோரணைக்குச் சிரித்தாள், அதுவும் போனது.

அம்சவேணிக்கு அந்தச் சிரிப்பின் மேல் உயிர். கல்யாணமாகி வந்த மறுநாள், புது மருமகளாக அவள் வைத்த முதல் ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டாள், கூடம் முழுக்க வாயில் வைத்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தது, மாமியார் முத்தாயம்மாளின் புருவம் மேலே போய்க்கொண்டிருந்தது, அப்போது பாவாடை சட்டை போட்ட சின்னப்பெண்ணாக இருந்த பூங்கொடி சிரித்தாள். சிரித்த சிரிப்பில் மாமியாரும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அம்சவேணி இந்த வீட்டில் இருந்துவிடலாம் என்று முடிவுசெய்தாள்.

அந்த முத்தாயம்மாள் ஒருநாள் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்சா, வெள்ளிக்கிழம மூலனூர்ல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்களாமா. நல்ல எடம். இவளுக்குப் புது ஜாக்கெட் ஒண்ணு தெச்சுரு."

"தெச்சர்றேனுங்கத்தை."

"கழுத்துக்கு ஒரு பைப்பிங் வெய்யி. பாக்க நல்லாருக்கும்."

அம்சவேணி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். மாமியார் அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அது வேண்டாமுங்க."

"ஒரு நாளைக்குத்தான அம்மிணி. இதுவும் போச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்கறது?" என்றாள் முத்தாயம்மாள். "அவளுக்குப் பொறவு பொறந்ததுக எல்லாம் கையில ஒண்ணு இடுப்புல ஒண்ணுன்னு நிக்குதுக. எனக்கு மட்டும் ஆசையா அவ சிரிப்ப அடைக்கோணும்னு?"

உள்ளே கொக்கி தைத்துக்கொண்டிருந்த பூங்கொடி திரையை விலக்கித் தலையை நீட்டினாள். "வெச்சுத் தெய்யுங்க அண்ணி. எனக்கும் பாக்கோணும், உள்ள நின்னுக்கிட்டு அது என்னதான் பண்ணுதுன்னு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கே ஒரு சிரிப்புச் சிரித்தாள், வரிசையில் பால் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் தூக்குப்போசியைச் சாய்த்துவிட்டார்.

மயில்கழுத்து நிறப் பட்டில் தைத்தாள். முன்னாலும் பின்னாலும் திறப்பில்லாத போட் நெக், பக்கவாட்டில் ஜிப், கழுத்தைச் சுற்றி முழு வட்டமாகத் தங்கநிறப் பைப்பிங். ஒவ்வொரு டெய்லருக்கும் பைப்பிங் தொடங்க ஓர் இடம் உண்டு, அம்சவேணிக்கு அது இடது தோள்மூட்டு. அங்கே தொடங்கி, வட்டம் சுற்றி, மறுபடியும் அங்கே வந்து, கயிற்றின் ஒரு நுனியும் மறு நுனியும் முட்டுகிற இடத்தில் வழக்கமாக அவள் ஒரு அரிசி அகலம் விடுவாள், துணி இழுக்காமல் இருப்பதற்கு. அன்றைக்கு அந்த இடத்தில் மெஷினை நிறுத்தினாள். அந்த அரிசி அகலத்தை விட்டால் சிரிப்பு அதன் வழியாகக் கசிந்துவிடும் என்று தெரிந்தது. இதுவும் தட்டிப்போய்விட்டால், நாளைக்கு நாற்பது வயதில் இவள் யார் வீட்டுக்குப் பாரமாக நிற்பாள் என்று பயமாகவும் இருந்தது. நுனிகளை முட்டவைத்து, மேல்துணியை மடித்து, இடம் தெரியாமல் தைத்தாள். அவளுக்குத் தொழிலில் அதைவிட நல்ல வேலை அமைந்ததில்லை. அன்றைக்குச் சோறு மட்டும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை பூபதி சாதுவான பையன், விசைத்தறி வைத்திருந்தான். அவனுடைய அம்மா ராமாத்தாள், வாயை உள்ளே மடித்துக்கொண்ட மாதிரி இருக்கும் பெண்மணி, வந்ததிலிருந்து தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. கூட ஒரு தாய்மாமன். மாமன் மைசூர்பாகை எடுத்துக் கடித்தார், மைசூர்பாகு கெட்டி, கையைத் திரும்ப எடுத்தபோது பல்செட்டு மைசூர்பாகோடு வெளியே வந்துவிட்டது. பல்செட்டு மைசூர்பாகைக் கடித்தபடி அவர் கையில் இருக்க, குழந்தைவேலு சுவரைப் பார்த்தார், முத்தாயம்மாள் சாமி படத்தைப் பார்த்தாள், பிறகு வீடே பூங்கொடியைப் பார்த்தது. அவள் தோள் குலுங்கியது. பைப்பிங் தடித்து எழும்பியது, கழுத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி அடங்கியது. சத்தம் வரவில்லை.

"புள்ள அடக்கமா இருக்குது" என்றாள் ராமாத்தாள். "எங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க. தை கடைசில வெச்சுக்கலாம்."

அவர்கள் போனதும் பூங்கொடி உள்ளே ஓடி ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வந்து, "அண்ணி, அந்தப் பல்லு..." என்று ஆரம்பித்தாள். அம்சவேணி ஆசையோடு காத்திருந்தாள். பூங்கொடி வாயைத் திறந்தாள், திறந்தபடியே நின்றாள், மூடினாள். "என்னமோ, அப்பறம் வரும்" என்றாள். வரவில்லை.

டீ மெத்தையில் நின்றதுபோல, குறட்டை தலையணையில் நின்றதுபோல, அது ஜாக்கெட்டில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து பூங்கொடி உதட்டை விரிப்பாள், கன்னத்தில் குழிகூட விழும், ஆனால் உள்ளேயிருந்து ஒன்றும் கிளம்பாது. டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே எதையோ தேடுகிறவர்போல எதிர்க்கடையைப் பார்ப்பார். ஊர் அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தது. கல்யாணம் முடிவானால் பெண்களுக்குப் பொறுப்பு வந்துவிடும் என்றார்கள். முத்தாயம்மாள் ஜாக்கெட்டை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பீரோவுக்குள் அது சும்மா இருக்கவில்லை. சலூன்காரர் தலையணையை ஒருநாள் வெள்ளாடு ஒன்று கடித்துப் பைப்பிங்கைப் பிய்த்துவிட, அதுவரை சேர்ந்திருந்த குறட்டை மொத்தமும் வெளியே வந்து, பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் ஆட்டுக்குள்ளேயே போய்விட்டது. ஆடு முழித்துக்கொண்டே, நடந்துகொண்டே, தழை தின்றுகொண்டே குறட்டை விட்டது. குறட்டை விட்டபடி அது சலூனுக்குள் நுழைந்து, முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தவரை முகர்ந்தபோது, தெருவே சிரித்தது. பூங்கொடி பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் பீரோ கதவு தடதடவென்று ஆடியது.

சத்தம் கேட்ட அம்சவேணி ஓடிப்போய் அந்தக் கதவில் கையை வைத்தாள். உள்ளே அது குலுங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. அவள் அழுதாள். அழுதுகொண்டே யோசிக்கவும் செய்தாள், ஆட்டின் கதையிலிருந்து ஒன்று அவளுக்கு விளங்கியது: கண்ட இடத்தில் பிரித்தால் அது கண்டவருக்குப் போகும். பூங்கொடி போட்டிருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும்.

"அத்தை, சாவியக் குடுங்க."

"கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்சு மூலனூருக்குப் போயிட்டா அப்பறம் ஆருங்க பிரிக்கறது?"

"அம்சா, நீ சும்மா இரு. அவுங்க அடக்கமான புள்ளன்னு சொல்லித்தான எடுக்கறாங்க" என்றாள் முத்தாயம்மாள். அவளும் சில நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அம்சவேணி கவனித்திருந்தாள், ஆனால் சாவி வரவில்லை.

தை பிறந்தது. ஆவாரங்காட்டூரில் கோயில் மைதானத்தில்தான் ஊர்ப்பொங்கல். போன வருஷம் ஒருத்தி பானை பொங்கி அடுத்தவள் அடுப்பை அணைத்து, அந்த இரண்டு குடும்பமும் ஆடி வரைக்கும் முகம் பார்க்கவில்லை. ஆகவே இந்த வருஷம் எல்லாப் பானைக்கும் கழுத்தில் மஞ்சள் கொத்தோடு ஒரு பைப்பிங் வளையமும் கட்டுவது என்று கோயில் கமிட்டியில் ஏகமனதாக முடிவானது, யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அம்சவேணியும் தன் கவலையில் கிடந்தவள் கேட்ட அளவுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டாள். வழியாமல் இருக்கத்தான் பைப்பிங், வழியத்தான் பொங்கல். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூலனூரிலிருந்து ராமாத்தாளும் வந்திருந்தாள், கல்யாணச் சேலையைக் காட்டிவிட்டுப் போக. "அந்த மயில்கழுத்து ஜாக்கெட்டயே போட்டுக்க கண்ணு. உனக்கு அது எடுப்பா இருக்குது" என்று அவள் சொல்ல, முத்தாயம்மாளுக்கு முந்தானை முடிச்சை அவிழ்ப்பதைத் தவிர வழியில்லாமல் போனது.

வெயில் ஏறியது. பானைகளில் பால் நுரைத்தது. நுரை எழுந்து விளிம்புக்கு வந்தது, பிள்ளைகள் கூவுவதற்கு மூச்சை இழுத்தார்கள், பெண்கள் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்க்கக் குனிந்தார்கள், சங்கை வாயில் வைத்தவர் கன்னத்தை உப்பினார். பால் விளிம்பைத் தாண்டி எழுந்தது, ஒரு விரல் எழுந்தது, ஒரு சாண் எழுந்தது, வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் போல எல்லாப் பானையும் வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஒரு சொட்டு வழியவில்லை. சங்குக்காரர் கன்னம் உப்பியபடியே இருந்தது. மூச்சை இழுத்த பிள்ளைகள் விட வழி தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசாரி ஒரு பானைக்கு முன் குனிந்து, "வாம்மா, கீழ வாம்மா" என்று கெஞ்சினார். அவருக்குப் பின்னால் அந்த ஆடு நின்று குறட்டை விட்டது.

அம்சவேணி திரும்பிப் பூங்கொடியைப் பார்த்தாள். பூங்கொடியின் வாய் திறந்திருந்தது, தோள் குலுங்கியது, கழுத்தில் பைப்பிங் விரல் பருமனுக்குத் தடித்துச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அண்ணி" என்றாள். "இது சிரிப்புன்னு எனக்குத் தெரியுதுங்க அண்ணி. எவ்வளவு பெரிய சிரிப்புன்னும் தெரியுது. வரமாட்டேங்குது."

ராமாத்தாள் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். முத்தாயம்மாள், "அம்சா, வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள், சொன்னவள் தடுக்கக் கையை நீட்டவில்லை. கல்யாணம் நின்றுபோகும், பழி தன் தலையில் விழும், இந்தப் பெண்ணே நாளைக்கு ஏன் செய்தாய் என்று கேட்கலாம். எல்லாம் அம்சவேணிக்குத் தெரிந்தது. அவள் பூங்கொடியின் இடது தோளில் கையை வைத்துத் தடவினாள். நன்றாகத் தைத்தது அவள் குற்றம், இடம் கிடைக்கவில்லை. நகத்தை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனாள், ஓரிடத்தில் துணி ஒரு மயிரிழை கனமாக இருந்தது. குனிந்து அங்கே பல்லால் கடித்தாள், நூல் தெறித்தது, கயிற்றின் நுனி எட்டிப்பார்த்தது, அதைச் சுற்றிப் பிடித்து ஒரே இழுப்பாக உருவினாள்.

முதலில் வந்தது பல்செட்டுக்கான சிரிப்பு. அது போன வேகத்தில் மைதானத்துப் புறாக்கள் எழுந்தன. அதன் பின்னால் ஆட்டுக்கான சிரிப்பு வந்தது, ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவர் தன்னையே சேலைக்குள் மடித்துக்கொண்டதற்கானது வந்தது, ரேடியோவில் கேட்டதற்கு, கனவில் கண்டதற்கு, எதற்கென்று அவளுக்கே மறந்துபோனவற்றுக்கு என்று உள்ளே போன வரிசையிலேயே ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் தலைப்பாகை கட்டிய பானைகளுக்கான சிரிப்பும் வந்து சேர்ந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே பானை வளையங்களில் சேருமிடத்தைத் தேடினார்கள்; பானைக்கு இடது தோள் ஏது, சுற்றிச் சுற்றித் தடவி, விரல் சுட்டு, உதறி, மறுபடியும் தடவினார்கள். முதல் கயிறு உருவப்பட்டது, பால் கிழக்கே பாய்ந்தது, சங்கு ஊதியது, பிள்ளைகள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினார்கள். ஒருத்தி பால் இன்னொருத்தி அடுப்பை அணைத்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. முத்தாயம்மாள் தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

ராமாத்தாள் மட்டும் அசையாமல் நின்றாள். கூச்சல் கொஞ்சம் அடங்கியதும் நடந்து வந்தாள். அம்சவேணி கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, வருவது வரட்டும் என்று நின்றாள்.

"மொதல்ல வந்துச்சே, அது எதுக்கு?" என்று கேட்டாள் ராமாத்தாள்.

பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க தம்பியோட பல்லுக்குங்கத்தை" என்றாள், சொல்லும்போதே மறுபடியும் கிளம்பிவிட்டது.

ராமாத்தாளின் மடிந்த வாய் ஒருதடவை கோணி, நேரானது. சேலையின் தலைப்பை விலக்கி, அம்சவேணியின் பக்கம் முதுகைத் திருப்பி நின்றாள். பழைய காடாத்துணி ஜாக்கெட், வெளுத்துப் போனது, கழுத்துக்குப் பைப்பிங்கும் இல்லை ஒன்றும் இல்லை, சாதாரண மடிப்புத் தையல்.

"என்னுதையும் சித்தெப் பாரு அம்மிணி" என்றாள் தாழ்ந்த குரலில். "எனக்கும் அன்னிக்கு அந்தப் பல்லப் பாத்து உள்ளுக்குள்ள என்னமோ ஆச்சு. மேல வரலே. ரொம்ப வருசமா வரலே."

"இதுல பைப்பிங்கே இல்லீங்களே. ஆருங்க தெச்சது?"

"இது ஆரோ தெச்சது. நான் சொல்றது அதுக்கெல்லாம் முந்தி. ஆரு ஓரங்கட்டுனாங்களோ, எங்க ஆரம்பிச்சாங்களோ, எனக்கென்ன தெரியும்? நீ தேடு."

அம்சவேணி கயிற்றைப் பூங்கொடியிடம் கொடுத்தாள். இடது தோளில் தொடங்கினாள்; அங்கே ஒன்றுமில்லை, அது அவளுடைய இடம். பிடரியைத் தடவினாள், வலது தோளுக்குப் போனாள், நகத்தைத் துணியோடும் தோலோடும் ஒட்டி, அவசரப்படாமல் நகர்த்திக்கொண்டு வந்தாள். ராமாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலதுபக்கக் காதுக்குக் கீழே, கழுத்து இறங்குகிற இடத்தில், அம்சவேணியின் நகத்தில் ஏதோ தட்டுப்பட்டது.